800 சீசீயும் கரையோரக் கிணற்று நீரும்: கல்முனைப் பிரதேச கராஜ் தொழிலாளருக்கு ஒரு திறந்த மடல்

சாய்ந்தமருது, மாளிகைக்காடு, கல்முனை, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களில் கராஜ் நடத்தும் உரிமையாளர்களுக்கும், அங்கு பணிபுரியும் மெக்கானிக்குகளுக்கும், அவர்களிடம் தொழில் பழகும் இளைஞர்களுக்கும்.



சிறு பெற்றோல் கார் ஒன்றை வாங்க எண்ணும் எவரும் இக்கரையோர ஊர்களில் முதலில் நாடுவது விற்பனையாளரை அன்று, தமக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக்கையே. அவரிடம் கேட்கப்படும் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: எஞ்சின் எப்படி, நம்பலாமா? அக்கேள்விக்குக் கம்பனியின் பெயரையோ, நாட்டின் பெயரையோ, சீசீ அளவையோ விடையாகச் சொல்லிவிடும் வழக்கம் வேரூன்றியுள்ளது. ஜப்பான் என்றால் நல்லது, இந்தியா என்றால் மலிவு, 660 என்றால் வலுவில்லை, 1000 என்றால் பரவாயில்லை என்ற அளவில் பேச்சு முடிந்துவிடுகிறது. ஓர் எஞ்சினின் நம்பகத்தன்மை, அதாவது எதிர்பாராத பழுதின்றித் தன் வேலையை ஆண்டுக்கணக்கில் செய்துவரும் தன்மை, அது பிறந்த தொழிற்சாலையில் பாதியளவே தீர்மானமாகிறது என்பதும், மறுபாதி அதற்குள் ஊற்றப்படும் நீரிலும் ஒயிலிலும், அதன்மேல் ஏற்றப்படும் சுமையிலும், அதைப்பற்றி எழுதி வைக்கப்படும் குறிப்பிலும் தங்கியுள்ளது என்பதுமே இம்மடல் வலியுறுத்த விரும்புவது.

இதனை இப்போது வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளும் நாட்டில் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் பெற்றோல் கியூஆர் குறியீட்டுக்கு அளந்து கொடுக்கப்பட்ட மாதங்களில் கார்கள் நாட்கணக்கில் நின்றன. உதிரிப்பாகத்தின் விலையும் ஒயிலின் விலையும் எகிறியதால், சேவிஸ் தள்ளிப்போடப்பட்ட கார்களும் பல. தடை நீங்கிய பின்னரும் புதிய இறக்குமதிகளின் விலை சாதாரண ஆசிரியரோ சிறுகடைக்காரரோ எட்டிப்பிடிக்கக் கூடியதாக இல்லை. ஆகவே 2013 முதல் 2018 வரையான காலத்தில் வந்திறங்கிய இந்திய அல்ட்டோ 800, ஜப்பானிய அல்ட்டோ, வேகன் ஆர், ஒரு லீற்றர் விற்ஸ் ஆகியனவே இன்னும் பல ஆண்டுகளுக்கு இப்பிரதேசக் குடும்பங்களைச் சுமக்கப் போகின்றன.

இவற்றுள் மிக எளிமையான அமைப்புடையது அல்ட்டோ 800 இல் உள்ள எஃப்8டி எஞ்சின். மூன்று சிலிண்டர்களைக் கொண்ட இதன் ஒவ்வொரு சிலிண்டரும் 68.5 மில்லிமீற்றர் விட்டமுடையது. பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம், அதாவது வீச்சு, 72 மில்லிமீற்றர். விட்டத்திலிருந்து வட்டப் பரப்பைக் கண்டு, அதை வீச்சாலும் பின்னர் மூன்றாலும் பெருக்கினால் வரும் 796 கன சென்ரிமீற்றரே பேச்சுவழக்கில் 800 சீசீ எனப்படுகிறது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு ஒன்றே. அதைச் சுழற்றுவது இறப்பர் ரைமிங் பெல்ட். இதன் உச்ச வலு நிமிடத்துக்கு 6000 சுழற்சியில் ஏறத்தாழ 35 கிலோவாற்று, உச்ச முறுக்குவிசை 3500 சுழற்சியில் 69 நியூட்டன் மீற்றர். 1983 டிசம்பரில் இந்தியச் சாலைகளுக்கு வந்த மாருதி 800 இன் 796 சீசீ எஞ்சினே இதன் முன்னோடி. கார்பரேற்றர் போய் மின்னணு எரிபொருள் செலுத்துகை வந்து, சிலிண்டருக்கு இரண்டாக இருந்த வால்வுகள் நான்காகியும் அடிப்படை அளவுகள் மாறவில்லை. இத்தனை ஆண்டுகள் ஒரே அளவில் செய்யப்பட்டு, இலட்சக்கணக்கான கைகளில் பழுதுபார்க்கப்பட்டு, குறைகள் யாவும் அறியப்பட்டுவிட்ட எஞ்சின் என்பதே அதன் பெரும் பலம்.

ஜப்பானிய வேகன் ஆரிலும் அல்ட்டோவிலும் உள்ள ஆர்06ஏ வேறு சிந்தனையில் பிறந்தது. ஜப்பானில் கெய் எனப்படும் சிறு கார் வகுப்புக்கு 660 சீசீ என்ற உச்ச வரம்பு 1990 முதல் நிலவுகிறது. அந்த வரம்புக்குள் எவ்வளவு எரிபொருளை மிச்சப்படுத்தலாம் என்ற கேள்விக்கு விடையாக 2011 இல் வெளிவந்ததே இந்த 658 சீசீ எஞ்சின். 64 மில்லிமீற்றர் விட்டத்துக்கு 68.2 மில்லிமீற்றர் வீச்சு, இரட்டைக் கேம் தண்டு, சுழற்சிக்கேற்ப வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பொறி, பெல்ட்டுக்குப் பதில் உலோகச் செயின், முழுவதும் அலுமினியத்தாலான உடல் என அதன் ஒவ்வோர் உறுப்பும் எடையையும் உராய்வையும் குறைக்கவே வடிவமைக்கப்பட்டது. ரேர்போ இல்லாத வகையில் இதன் உச்ச வலு 38 கிலோவாற்று. அளவில் பெரிய எஃப்8டியைவிடச் சற்றுக் கூடுதல். சீசீ குறைந்தால் வலு குறைந்தே தீரும் என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது. ஆனால் நுணுக்கம் கூடிய எஞ்சின் அசட்டையைப் பொறுப்பதும் குறைவு. எஃப்8டி மன்னிக்கும் தவறுகள் சிலவற்றை ஆர்06ஏ மன்னிப்பதில்லை.

விவரப்பட்டியலில் உள்ள வலு, முறுக்குவிசை ஆகிய இரண்டும் பலரால் ஒன்றெனவே கொள்ளப்படுகின்றன. முறுக்குவிசை என்பது தண்டை ஒரு கணத்தில் திருகும் பலம்; வலு என்பது அத்திருகல் எவ்வளவு வேகமாகத் தொடர்கிறது என்பதையும் சேர்த்த அளவு. 69 நியூட்டன் மீற்றர் 3500 சுழற்சியில் தருவது ஏறத்தாழ 25 கிலோவாற்று மட்டுமே. பட்டியலிலுள்ள 35 கிலோவாற்றைப் பெற எஞ்சினை 6000 வரை சுழற்ற வேண்டும். கண்டிக்குச் செல்லும்போது மகியங்கனைக்கு அப்பால் வரும் பதினெட்டு வளைவில் ஏறும் அல்ட்டோ 800 ஓட்டுநர், எஞ்சின் இரைகிறதே என்று அஞ்சி உயர்ந்த கியரிலேயே எக்சிலேற்றரை அழுத்திக்கொண்டிருப்பது இதனை அறியாமையால் நேர்வது. குறைந்த சுழற்சியில் முழுச் சுமையைச் சுமத்தும்போதே பேரிங்குகளும் பிஸ்டன்களும் அதிகம் வருந்துகின்றன. இரைச்சலுக்குப் பயப்படாமல் கியரைக் குறைத்து 4000 சுழற்சியில் ஏறுவதே சிறு எஞ்சினுக்கு இதமானது. காரை ஒப்படைக்கும்போது இதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடும் மெக்கானிக் ஓர் உதிரிப்பாகத்தின் விலையை உரிமையாளருக்கு மிச்சப்படுத்துகிறார்.

சுமையைப் பொறுத்தவரை, கெய் கார்கள் ஜப்பானில் நால்வருக்கு மட்டுமே அனுமதி பெற்றவை. அந்நாட்டுக் கணக்கில் ஒருவருக்கு 55 கிலோ, எனவே பயணிகளுக்கான ஒதுக்கீடு 220 கிலோ. பெருநாள் விடுமுறையில் வயதுவந்த ஐவரும், மடியில் ஒரு பிள்ளையும், பின்னால் அரிசி மூட்டையும், ஏசியும் எனப் புறப்படும் வேகன் ஆர் அக்கணக்கின் இருமடங்கை நெருங்கிவிடுகிறது. வெப்பம் எஞ்சினில் மட்டுமன்றி, பட்டையும் கப்பியும் கொண்டு கியர் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் சிவிடி பெட்டியின் எண்ணெயிலும் ஏறுகிறது. கியர்பெட்டி பலவீனமானது என்று பழிக்கப்படும் பல கார்களில், அதன் எண்ணெய் ஒருமுறைகூட மாற்றப்பட்டதில்லை என்பதைத் திறந்து பார்த்தவர்கள் அறிவர்.

எரிபொருள் சிக்கனம் பற்றிய எண்களையும் அவற்றின் பின்னணியோடு வாசிக்க வேண்டும். வேகன் ஆர் லீற்றருக்கு 30 கிலோமீற்றருக்கும் மேல் ஓடும் என்ற பட்டியல் எண், ஜேசி08 எனப்படும் சோதனை முறையில் உருளைகளின் மேல் சக்கரங்களைச் சுழற்றிப் பெறப்பட்டது. அச்சோதனைக்கு, காற்றும் சக்கரமும் தரும் எதிர்ப்பைத் திறந்த ஓடுதளத்தில் அளந்து உள்ளிட வேண்டும். சுசுகி நிறுவனம் அவ்வாறு அளக்காமல், உறுப்புகளைத் தனித்தனியே உள்ளகத்தில் அளந்து கூட்டியிருந்தது என்பதை 2016 மே மாதத்தில் தானே ஒப்புக்கொண்டது. கடலுக்கு அண்மையில் உள்ள தன் சகரா ஓடுதளத்தில் வீசும் காற்று அளவீட்டைக் கெடுத்ததே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மீளச் சோதித்தபோது பட்டியல் எண்கள் பிழைபடவில்லை என நிறுவனம் அறிவித்தது உண்மையே. எனினும் கடற்காற்று ஓர் எண்ணை அவ்வளவு அசைக்குமானால், ஏசி ஓயாது ஓடும் கல்முனைச் சந்தை நெரிசலில் அதே எண்ணை எதிர்பார்த்து, கிடைக்காதபோது எஞ்சினில் பழுது என்று முடிவுகட்டுவது நியாயமன்று.

பெற்றோலில் குழப்பம் குறைவு. ஜப்பானின் சாதாரணப் பெற்றோலுக்குரிய தரம் குறைந்தது 89 ஒக்டேன். ஆர்06ஏ அதற்கென்றே அமைக்கப்பட்டது. ஒக்டேன் என்பது அமுக்கப்படும்போது தானாகத் தீப்பற்றாமல் தாங்கும் திறனே தவிர வலுவின் அளவன்று. ஆகவே இங்கு கிடைக்கும் 92 போதுமானது. 95 க்குச் செலவிடும் பணத்தை ஒயிலுக்குச் செலவிடலாம்.

இனி வருவதே இம்மடலின் மையம். சாய்ந்தமருது போன்ற ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒடுங்கிய மணற்பரப்பில் அமைந்தவை. அம்மணலுக்குள் நன்னீர் மெல்லிய படையாக உப்புநீரின்மேல் மிதக்கிறது. கூடுதலாக இறைத்தால் கீழிருந்து உப்பு மேலேறும். 2004 டிசம்பர் 26 இன் கடற்கோளில் இக்கரையோரக் கிணறுகளுக்குள் கடலே புகுந்தது; உயிர்களை இழந்து நின்ற ஊர்கள் குடிநீரையும் இழந்து நின்ற நாட்களை இங்குள்ளோருக்கு எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. குடிப்பதற்கு அத்தனை கவனத்தோடு தெரிந்தெடுக்கப்படும் நீர், ரேடியேற்றருக்கு என்று வரும்போது பக்கத்துக் கிணற்றிலிருந்தோ குழாயிலிருந்தோ வாளியில் அள்ளப்பட்டு ஊற்றப்படுவது பல இடங்களில் இன்றும் வழக்கம். நமது நாட்டில் நீர் உறைவதில்லையே, கூலன்ட் எதற்கு என்ற கேள்வி அதற்கு நியாயமாகச் சொல்லப்படுகிறது.

உறைவதைத் தடுப்பது கூலன்டின் ஒரு பணி மட்டுமே. அதன் மற்றைய பணி அலுமினியத்தைக் காப்பது. அலுமினியத்தின் மேற்பரப்பில் இயல்பாகவே ஒரு நுண்ணிய ஒக்சைட்டுப் படலம் உண்டு. அதுவே உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கிறது. உப்பில் உள்ள குளோரைட்டு அயன்கள் அப்படலத்தை ஆங்காங்கே துளைத்து, ஊசிமுனைக் குழிகளாக உள்நோக்கி அரித்துச் செல்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது, ஒருநாள் சிலிண்டர் ஹெட்டின் நீர்வழி ஓரம் பொரிந்து கெஸ்கெட் பிடிக்க இடமின்றிப் போகும். நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு, சூடான சுவர்களில் படிந்து வெள்ளைப் பொருக்காகி, வெப்பம் நீருக்குக் கடப்பதைத் தடுக்கிறது. கூலன்டில் கலந்துள்ள அரிப்புத் தடுப்பிகள் இவ்விரண்டையும் எதிர்க்கவே சேர்க்கப்பட்டவை. அதில் உள்ள கிளைக்கோல் கொதிநிலையையும் சற்று உயர்த்துகிறது. ரேடியேற்றர் மூடி ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு மேலதிக அமுக்கத்தைப் பிடித்து வைப்பதால், வெறும் நீரே 120 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்கிறது. இறப்பர் காய்ந்துபோன ஒரு மூடி அவ்வமுக்கத்தைக் கசியவிட்டால், 100 பாகையிலேயே கொதிப்பு தொடங்கிவிடும். சில நூறு ரூபாய்ச் சிக்கனம் ஹெட்டையே வளைத்துவிடும்.

வளையும் விதம் இது. நீர் குறைந்த இடத்தில் ஆவி நிற்க, அவ்விடத்து அலுமினியம் மிதமிஞ்சி விரிகிறது. போல்ட்டுகள் அதை விரியவிடாததால் உலோகம் நெளிகிறது. குளிர்ந்த பின்னர் நெளிவு மீள்வதில்லை. கெஸ்கெட் வழியே நீரும் ஒயிலும் கலந்து ஒயில் பாலேறியதுபோல் வெளுக்கிறது. சிறு கார்கள் பலவற்றில் வெப்பமானி முள் இல்லை, குளிராயிருந்தால் நீலமும் மிஞ்சினால் சிவப்புமாக எரியும் விளக்கு மட்டுமே உண்டு. சிவப்பு எரிந்த பின் வீடு வரை ஓட்டிவிடலாம் என்று எண்ணிய பலரின் எஞ்சின்கள் கராஜ்களின் மூலையில் திறந்து கிடக்கின்றன. கலந்தே விற்கப்படும் கூலன்டை அப்படியே ஊற்றலாம். செறிவாக விற்கப்படுவதாயின், பற்றறிக்கென எல்லாக் கராஜிலும் வைத்திருக்கும் வடித்த நீரில் கலந்தால் போதும். இதற்குப் புதிய கருவியோ பயிற்சியோ தேவையில்லை. வாளியை மாற்றினால் போதும்.

கடற்காற்றின் உப்பு வெளியிலிருந்தும் வேலை செய்கிறது. ரேடியேற்றரின் மெல்லிய தகடுகள் உதிர்வதும், மின்விசிறியின் இணைப்பிகளிலும் உடலோடு இணைக்கப்பட்ட எர்த் கம்பிகளிலும் பச்சை பூப்பதும் இங்கு அன்றாடக் காட்சி. எஞ்சின் திணறுகிறது என்று வரும் ஆர்06ஏ கார்களில் உணரிகளை ஒவ்வொன்றாக மாற்றுமுன், எர்த் முனைகளைக் கழற்றித் தேய்த்துப் பொருத்துவதே முதல் வேலையாக வேண்டும். ஹைபிரிட் என்ற பெயரில் வந்த வேகன் ஆர்களும் பெரிய மின்மோட்டாரால் ஓடுபவை அல்ல. டைனமோவாகவும் தொடக்கியாகவும் இயங்கும் ஒரு சிறு பொறி, பெல்ட் வழியே எஞ்சினுக்குச் சில விநாடிகள் கைகொடுக்கிறது, அவ்வளவே. அப்பெல்ட் இருதிசை இழுவைக்கென உறுதியாகச் செய்யப்பட்டது. அளவு ஒத்த வேறொன்றைப் போட்டால் வழுக்கும். அதுபோல, சும்மா நிற்கையில் காரின் அதிர்வை உணர்ந்து எஞ்சின் போய்விட்டது என அஞ்சுவோருக்கு, மூன்று சிலிண்டர் எஞ்சின் 240 பாகைக்கு ஒருமுறை எரிந்து முன்பின்னாக ஆடும் இயல்புடையது என்பதையும், அவ்வாட்டத்தை விழுங்கும் மவுண்ட் இறப்பர் தேய்ந்திருக்கலாம் என்பதையும் விளக்கிச் சொல்வது மெக்கானிக்கின் கடமை.

ஒயிலைப்பற்றிச் சொல்ல வேண்டியது, தூரத்தைவிடப் பயணத்தின் தன்மையே முக்கியம் என்பது. ஜப்பானியக் கையேடுகள் பொதுவாக, எட்டுக் கிலோமீற்றருக்கு உட்பட்ட குறும்பயணங்களையும், நீண்ட நேரம் நின்றபடி ஓடுவதையும், தூசிப் பாதையையும் கடும்பாவனை என்று வகுத்து, ஒயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாகக் குறைக்கின்றன. சாய்ந்தமருதிலிருந்து கல்முனைக்கும், கல்முனையிலிருந்து வீட்டுக்கும், பாடசாலை வாசலுக்கும் ஓடும் கார் அவ்வரைவிலக்கணத்துக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. எஞ்சின் முழுச்சூடு அடையுமுன் அணைக்கப்படும்போது, எரியாத பெற்றோலும் எரிதலில் பிறந்த நீராவியும் ஒயிலில் கலந்து வெளியேற நேரமின்றித் தங்குகின்றன. ஏசிக்காக நின்றபடி ஓடும் நேரத்தை மீற்றர் எண்ணுவதேயில்லை. சாதாரண பாவனைக்கு 10,000 கிலோமீற்றர் என்று எழுதியிருப்பதை இங்கு 5,000 எனவும், அத்தூரம் ஓடாவிடினும் ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது எனவும் கொள்வதே நேர்மையான ஆலோசனை. எஃப்8டியும் ஆர்06ஏயும் கொள்ளும் ஒயில் மூன்று லீற்றருக்கும் குறைவு. ஒரு லீற்றர் எரிந்து போனால் மூன்றிலொரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. எனவே மாதம் ஒருமுறை குச்சியை இழுத்துப் பார்ப்பது பெரிய காருக்கு நற்பழக்கம் என்றால் சிறு காருக்குக் கட்டாயம்.

வெப்ப நாட்டுக்குத் தடித்த ஒயிலே நல்லது என்ற நம்பிக்கையும் மீள்பார்வைக்குரியது. ஆர்06ஏயின் வால்வு நேரப் பொறியும், செயினை இறுக்கிப் பிடிக்கும் உறுப்பும் ஒயில் அமுக்கத்தாலேயே இயங்குகின்றன. அவற்றுக்குச் செல்லும் வழிகள் மிக ஒடுங்கியவை. கையேடு 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 எனக் கூறும் இடத்தில் 20டபிள்யூ-50 ஊற்றினால், காலைத் தொடக்கத்தில் அவ்வுறுப்புகள் சில விநாடிகள் ஒயிலின்றிக் காத்திருக்க நேரும். செயின் வாழ்நாள் முழுதும் மாற்ற வேண்டாதது என்ற பேச்சும் சுத்தமான ஒயில் என்ற நிபந்தனையோடு சேர்ந்தது. அழுக்கு ஒயிலில் செயினின் முள் ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகத் தேய்ந்து நீள்கிறது. பெல்ட்டோடு வரும் அல்ட்டோ 800 இலோ, தூரம் மட்டுமன்றி வயதையும் பார்த்தே பெல்ட்டை மாற்ற வேண்டும், ஏனெனில் இறப்பர் நின்றபடியும் முதுமையடைகிறது.

இவை யாவற்றையும் ஒன்றாகக் கட்டுவது எழுத்து. மீற்றரைப் பின்னோக்கித் திருப்புவது எளிதாகிவிட்ட காலத்தில், பழைய கார் ஒன்றின் உண்மையான வயதை வாங்குபவர் அறிய வழி மிகக் குறைவு. ஜப்பானிலிருந்து ஏலத்தாளும், கதவோரத்தில் ஒட்டப்பட்ட ஒயில் மாற்றக் குறிப்பும் காரோடு வருகின்றன. இங்கு வந்த பின் அதன் வரலாறு நின்றுவிடுகிறது. கல்முனைப் பிரதேசத்துக் கராஜ்கள் ஒரு பொது இணக்கத்துக்கு வந்து, ஒவ்வொரு காருக்கும் ஒரு சிறு கொப்பியைத் திறந்து, எஞ்சின் குறியீடு, திகதி, மீற்றர் எண், ஊற்றிய ஒயிலின் தரமும் அளவும், கூலன்டின் வகை, மாற்றிய பெல்ட், சிவிடி எண்ணெய், அவ்வேலையைச் செய்த கராஜின் முத்திரை ஆகியவற்றை எழுதி உரிமையாளரிடமே கொடுத்துவிடுமாறு இம்மடல் வேண்டுகிறது. ஒரு கராஜில் எழுதியதை மற்றக் கராஜ் வாசித்துத் தொடரலாம். கார் விற்கப்படும்போது கொப்பியும் கைமாறும். நன்கு பராமரித்தவர் நல்ல விலை கேட்க ஆதாரம் கிடைக்கும். பராமரிக்காதவரின் காரை இளம் குடும்பமொன்று கடன்பட்டு வாங்கி ஏமாறுவதும் குறையும். சம்மாந்துறை, ஒலுவில் ஆகிய இடங்களில் தொழில்நுட்பமும் பொறியியலும் கற்கும் மாணவர்கள் அக்கொப்பிகளைத் தொகுத்துப் பார்த்தால், இக்கரையோரத்தில் எந்த எஞ்சின் எந்தத் தூரத்தில் எதனால் பழுதடைகிறது என்பதற்கு, பிற நாட்டுப் பட்டியல்களை நம்பியிராமல், இவ்வூர்களின் சொந்த அளவீடே உருவாகும். கொப்பியின் முதற் பக்கத்தில் ரேடியேற்றரில் கடைசியாக ஊற்றப்பட்டது கூலன்டா கிணற்று நீரா என்ற ஒரு வரி கட்டாயம் இடம்பெற வேண்டும். அவ்வரியை நிரப்பத் தயங்கும் காரை, நீர்வழிகளைக் கழுவிச் சோதித்த பின்னரே ஏனைய வேலைகளுக்கு எடுப்பது நன்று.